இரண்டரை மணி நேரம்தான்

விமான டிக்கெட் வாங்க வருகிறவர்கள் யாரும் தூரத்தைக் கேட்பதில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் கேட்பார்கள். வேலை செய்த காலம் முழுவதும் ஒரே டிக்கெட் அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். எத்தனை கிலோமீட்டர் என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் ஒரு லாரி டிரைவர். அவருக்கு டீசல் கணக்குப் போட்டுப் பழக்கம்.

நீங்கள் கேட்கும் இரண்டு நகரங்களுக்கும் நடுவே மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் ஆசியாவில்தானே இருக்கின்றன என்று பலரும் அதைப் பக்கத்துத் தெரு போல நினைத்துக்கொள்வார்கள். இங்கிருந்து மேற்கே போகும்போது எதிர்க்காற்று இருக்கும். ஐந்து மணி நேரம் ஆகும். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நாலரை. ஆனால் டிக்கெட்டில் இது தெரியாது. காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, பதினொன்றரைக்கு வருகை என்றுதான் இருக்கும். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. அந்தந்த ஊர் நேரத்தைத்தான் டிக்கெட்டில் அச்சடிப்பார்கள். அதனால் போகும்போது இரண்டரை மணி நேரம் மாதிரியும், வரும்போது ஏழு மணி நேரம் மாதிரியும் தெரியும்.

"போக ரெண்டரை, வர ஏழா? திரும்பி வர்றப்ப பைலட் வழி கேட்டுக்கிட்டே வருவாரா சார்?" என்று ஒரு துணி வியாபாரி கேட்டு, அன்று அலுவலகமே சிரித்தது. இப்படிக் கேட்பவர்களுக்கு நான் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்து, முள்ளைத் திருப்பிக் காட்டி விளக்குவேன். புரியும்வரை விடமாட்டேன். அந்த விஷயத்தில் என்மீது ஒரு புகார்கூட வந்ததில்லை.

மேடம், வெளியே வராந்தாவில் அந்த டாக்டர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். இளைத்துவிட்டார். சட்டை தோளில் தொங்குகிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்மீது கோபப்படுவார் என்று நினைத்தேன். "சாப்பிட்டீங்களா சார்?" என்றுதான் கேட்டார். ஐந்து மணி நேரப் பயணத்துக்கு, சொந்தமாக மூச்சுவிட முடியாத ஒரு நோயாளியை, துணைக்கு நர்ஸ் இல்லாமல் அனுப்பினார் என்பது அவர்மீது உள்ள குற்றச்சாட்டு. மருத்துவக் கவுன்சிலாகிய உங்களிடம் புகார் கொடுத்தது என் மகள். ஆறு வாரமாக அவர் நோயாளிகளைப் பார்க்கவில்லை. இன்றைக்கு நீங்கள் முடிவு சொன்னால் இனி எப்போதும் பார்க்க முடியாமல் போகலாம். போன தடவை இதே நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டருக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னவன் நான். இன்று என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகத்தான் வந்தேன். அதைக் கவனிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்கிறேன். நீங்களும் அவள் குரலைக் கேட்டிருக்கலாம். ரயில் நிலையத்தில் வண்டிகள் வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதுதான் அவள் வேலை. தாமதமாக வரும் வண்டியைக்கூட அவள் சொன்னால் கோபம் வராது என்பார்கள். மன்னிப்புக் கேட்கும்போது நிஜமாகவே மன்னிப்புக் கேட்பது போல இருக்கும். ஒருமுறை கடைத்தெருவில் காய்கறி விலை கேட்டாள். பக்கத்தில் நின்ற ஒருவர், "அம்மா, நீங்க ஸ்டேஷன் அம்மாதானே?" என்று திரும்பிப் பார்த்தார். அவளுக்கு ஒரே வெட்கம். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. என் மனைவியின் குரல் ஊருக்கே தெரிந்திருந்தது. வீட்டில் நான் அதை அதிகம் கேட்டதில்லை.

அவளுக்கு ஷிஃப்ட் வேலை. எனக்குப் பகல் வேலை. வாசலில் சாவியை மாற்றிக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது. நான் கெட்ட கணவன் இல்லை. குடிக்க மாட்டேன், குரலை உயர்த்த மாட்டேன். வீட்டுக்கு வந்தால் பேப்பர், சாப்பாடு, தூக்கம். அவள் ஏதாவது சொன்னால் "ம்" என்பேன். மகள்தான் இருவருக்கும் நடுவே பேச்சாக இருந்தாள். அவளும் கல்யாணமாகி அந்த நகரத்துக்குப் போன பிறகு வீடு வாடகைக்கு விடாத கடை மாதிரி ஆகிவிட்டது. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்த நான், என் மனைவியை ஒரு தடவைகூட விமானத்தில் அழைத்துப் போனதில்லை. அவள் கேட்டதும் இல்லை.

நான் ஓய்வு பெற்ற வருடத்தில்தான் அவளுக்கு அந்த இருமல் வந்தது. "பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய நுரையீரல் நார் மாதிரி ஆயிட்டிருக்கு" என்றார் டாக்டர். இதே டாக்டர்தான். கொஞ்ச நாளில் அவளால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் போயிற்று. பிறகு மெஷின் வந்தது. வீட்டுக் காற்றை இழுத்து அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, நீளமான டியூப் வழியாக மூக்குக்கு அனுப்பும் மெஷின். கூடத்து மூலையில் அது நாள் முழுவதும் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். வெளியே போக, பேட்டரியில் ஓடும் சின்ன மெஷின் ஒன்றும் வாங்கினோம். பெரியதற்குப் பெரியவன், சின்னதற்குச் சின்னவன் என்று அவள் பெயர் வைத்தாள். வருகிறவர்களிடம், "இவன் என் ரெண்டாவது புருஷன். முதல் ஆளை மாதிரியே... குறட்டை விடுவான். ஆனா இவன்... கூப்பிடாமலே கவனிப்பான்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

உண்மையைச் சொன்னால், அந்த நாலு வருடம்தான் நாங்கள் கணவன் மனைவியாக வாழ்ந்த காலம். குளியலறை வரை டியூப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். சாதம் குழைய வடித்துக் கொடுப்பேன். தலை வாரக் கற்றுக்கொண்டேன். வகிடு கோணலாகப் போகும். "ஏங்க, ரயில் தடம் புரண்டுடுச்சு" என்பாள். அவள் என்னைக் கூப்பிடாத அரை மணி நேரம் அந்த வீட்டில் கிடையாது. அத்தனை வருடம் எனக்கே தெரியாமல் நான் எதற்குக் காத்திருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மகள் கருவுற்றாள். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். அங்கே அவள் வீட்டுக்கு எதிரிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. போனில் அவர்கள் பேசிக்கொண்டதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். அன்று மாலை துணி மடித்துக்கொண்டே, "பிரசவம் முடிஞ்சதும் திரும்பிடலாம்ல?" என்று கேட்டேன்.

"நீங்க வேணா திரும்பிடுங்க. நான்... அங்கேயே இருந்துடறேன்" என்றாள் மனைவி.

"நானும் இருக்கேனே."

"வேணாங்க. நீங்க பாவம். களைச்சுப் போயிட்டீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வந்த விருந்தாளியை வாசல்வரை வந்து வழியனுப்புகிறவர்களின் சிரிப்பு அது. நான் ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தேன்.

டாக்டரிடம் போனோம். அவருடைய அறையைப் பார்த்திருப்பீர்கள். வெளியே இருமுகிறவர்களின் வரிசை, உள்ளே நிமிடத்துக்கொரு முறை தலையை நீட்டும் உதவியாளர். அவர் எதையும் அவசரமாகச் செய்கிற ஆள் இல்லை. என் மனைவியின் முதுகில் கருவியை வைத்து நிறைய நேரம் கேட்டார். பிறகு உட்கார்ந்து, "எவ்வளவு நேரப் பயணம்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. போனில் இருந்த டிக்கெட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் விரலை வைத்து, "ஒன்பது... பதினொன்றரை... ரெண்டரை மணி நேரம். பரவாயில்லை" என்றார். அவர் அந்தப் பக்கம் போனவர் இல்லை. அவர் பிறந்து, படித்து, வேலை பார்ப்பதெல்லாம் இதே ஊரில்தான். பிறகு எங்கள் இருவரிடமும் விளக்கினார்.

"மூணு மணி நேரத்துக்கு மேலன்னா நர்ஸ் ஒருத்தர் கூட வரணும்னு சொல்லியிருப்பேன். விமான கம்பெனியோட ஆக்சிஜனும் ஏற்பாடு பண்ணச் சொல்லியிருப்பேன். இது சின்னப் பயணம், சார் கூட இருந்தா போதும். ஆனா ஒண்ணு. மேலே காற்று மெலிசா இருக்கும். வீட்டுல ஒரு நிமிஷம் தாங்கறது அங்க அரை நிமிஷம்கூடத் தாங்காது. மெஷின் நிக்கவே கூடாது. உள்ள இருக்கற பேட்டரி மூணு மணி நேரம் ஓடும். இன்னொண்ணு ஸ்பேர் வெச்சுக்குங்க."

"நிக்க மாட்டான் டாக்டர். என் ரெண்டாவது புருஷன்... விசுவாசி" என்றாள் அவள். டாக்டர் சிரித்துக்கொண்டே விமான நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். விமான எண், தேதி, மெஷினின் பெயர் இவ்வளவுதான் அதில் இருந்தது. அந்தக் கடிதம் எந்த மேஜைக்குப் போகும், அங்கே எதைப் பார்ப்பார்கள், எதைப் பார்க்க மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இரண்டு நாள் கழித்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, அஞ்சு மணி நேரம். டாக்டர்கிட்ட நல்லா பேசிட்டீங்களா? துணைக்கு ஒரு நர்ஸ் நான் ஏற்பாடு பண்றேன். அவங்க அம்மாவைக் கூட்டிட்டு வரட்டும். நீங்க அலைய வேணாம், மெதுவா அப்புறம் வாங்க."

"டாக்டரே நர்ஸ் வேணாம்னுட்டார்மா" என்றேன்.

அது பொய் இல்லை. அவர் அப்படித்தான் சொன்னார். டாக்டர் பொய் சொல்லவில்லை, மகளும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன், அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்பீர்கள். எனக்கு அவளை நிறுத்திவைக்க ஆசை இல்லை. நிறுத்தினால் என்னை வெறுப்பாள். நர்ஸோடு அனுப்பினால் என்னை மறந்துவிடுவாள். நான் ஆசைப்பட்டது மிகச் சின்ன விஷயம். நடு வானத்தில் ஒருமுறை மெஷின் நின்று, அவள் பயந்து, நான் எழுந்து பேட்டரியை மாற்றி, அவளுக்கு மூச்சு திரும்ப வேண்டும். நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பிறகு அவளே என்னோடு திரும்பி வந்துவிடுவாள். இதைக் கேட்கும்போது உங்களுக்கு விகாரமாக இருக்கிறது. தெரிகிறது. எனக்கு அப்போது அது ஒரு வைத்தியம் போலத்தான் பட்டது.

அன்று காலை அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள். வீல்சேரில் விமானம்வரை கொண்டுபோனார்கள். ஜன்னல் ஓரம் அவள், நடுவில் நான். நடைவழியை ஒட்டிய இருக்கையை, பழைய அலுவலக நண்பர் ஒருவரிடம் சொல்லி, காலியாகவே வைக்கச் செய்திருந்தேன். கால் நீட்ட வசதி என்று சொன்னேன். சின்னவனை அவள் காலடியில், முன் இருக்கைக்கு அடியில் வைத்து, மேலே அவளுடைய கம்பளிச் சால்வையைப் போட்டேன். சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று. அந்த மெஷின் பேட்டரி தீரப்போகும்போது கூவும்.

விமானம் நகரத் தொடங்கியதும் கேப்டன் பேசினார். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தொழில் பழக்கம். "இவரு ஏன்... முழுங்கி முழுங்கிப் பேசறாரு?" என்றாள். வணக்கம் சொல்லி, வானிலை சொல்லி, பயண நேரத்துக்கு அவர் வரும்போது நான் அவள் பக்கம் குனிந்து, "பெல்ட் இறுக்கமா இருக்கா? கொஞ்சம் தளர்த்தட்டுமா?" என்று கேட்டேன். என் குரல் தேவையைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "இருக்கட்டுங்க" என்றாள். அதற்குள் கேப்டன் நன்றி சொல்லி முடித்துவிட்டார்.

மேகத்துக்கு மேலே போனதும் அவள் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். "இவ்வளவு வெளிச்சமா இருக்குமா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

பிறகு நடந்ததாக எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். மூன்று மணி நேரம் ஆனதும் மெஷின் நின்றது. ஸ்பேர் பேட்டரி இருந்த பை மேலே, மற்றவர்களுடைய பெட்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. நான் பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். அவர்கள் ஓடி வந்தார்கள். விமானத்தின் ஆக்சிஜன் உருளையைக் கொண்டு வந்தார்கள். பயணிகளில் இருந்த ஒரு பல் டாக்டர் நடைவழியில் மண்டியிட்டு, வியர்வை சொட்ட, அவள் மார்பை அழுத்தினார். அவளுக்கு மூச்சு திரும்பவில்லை. மீதி வழி முழுவதும் அவளைப் போர்வையால் மூடி, பெல்ட் போட்டு, என் பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தார்கள். தரையிறங்கும்போது வெளியே பதினொன்றரை மணி. டிக்கெட்டில் போட்டிருந்தபடியே, ஒரு நிமிடம் பிசகாமல்.

மகள் வெளியே நின்றிருந்தாள். நிறைமாத வயிற்றோடு, வீல்சேரைத் தானே தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அதில் ஒரு மெத்தை போட்டிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா மெதுவா வர்றாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேத்தி பிறந்தாள். குழந்தையைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மகள் டாக்டரைத் திட்டினாள். "அஞ்சு மணி நேரம்னு தெரிஞ்சும் எப்படிப்பா அனுப்பினாரு? மனுஷனா அவரு?" என்பாள். நான் தலையாட்டினேன். துக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் திட்ட ஓர் ஆள் தேவைப்படும். அந்த இடத்தில் டாக்டர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் தன் பதிலில், இரண்டரை மணி நேரம் என்றுதான் எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தார். ஒரு டாக்டருக்கு டிக்கெட் பார்க்கத் தெரியாதா என்று இந்த அறையிலேயே யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகு கூடத்தில் அந்தப் பெரிய மெஷினை நான் அணைக்கவில்லை. அணைத்தால் வீடு காதை அடைக்கிறது. டியூப்பின் முனை தரையில் கிடந்து, யாருக்கும் இல்லாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்கிறது. அதைத் தாண்டித்தான் நான் தினமும் நடக்கிறேன்.

சில இடங்களை நான் சரியாகச் சொல்லவில்லை. இப்போது திருத்திவிடுகிறேன்.

டாக்டர் அறையில் நான் பதில் சொல்லவில்லை என்றேன். அது சரியில்லை. அவர் டிக்கெட்டைப் படித்துவிட்டு, நிமிர்ந்து, "ரெண்டரைதானே சார்? நீங்க இந்த வேலையில இருந்தவரு" என்று என்னிடமே கேட்டார். "ரெண்டரை மணி நேரம்தான் டாக்டர்" என்றேன். என் கைக்கடிகாரம் கையில்தான் இருந்தது. அவர் கவனக்குறைவானவர் இல்லை. கேட்க வேண்டியவரிடம் கேட்டார்.

ஸ்பேர் பேட்டரி மாட்டிக்கொள்ளவில்லை. நான் அதை எடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது வீட்டில் நடந்தது. மெஷின் வந்த இரண்டாவது வருடம், ஒரு மதியம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது என் நாற்காலிக் கால் டியூப்பின் மேல் ஏறிவிட்டது. அது தற்செயல். உள் அறையிலிருந்து அவள் கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. டியூப்பைச் சரிசெய்ததும் என் சட்டையைப் பற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து யாரும், எங்கேயும், என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு சில மதியங்களில் நாற்காலியை நானே நகர்த்தினேன். அடிக்கடி இல்லை. அவள் கொஞ்சம் தெம்பாக இருக்கிற நாட்களில் மட்டும்தான். அவள் தானாகவே எழுந்து ஜன்னல்வரை போய், தெருவில் போகிறவர்களோடு பேசிச் சிரிக்கிற நாட்களில். ஒவ்வொரு தடவையும் நேரத்தோடு ஓடிப்போய்விடுவேன். ஒருமுறைகூடத் தாமதமானதில்லை.

விமானத்தில், இரண்டரை மணி நேரம் தாண்டியபோது அவள் முன்னால் இருந்த திரையைப் பார்த்தாள். வரைபடத்தில் சின்ன விமானம் கடலின் நடுவில் இருந்தது. வந்த கோடும் போகவேண்டிய கோடும் ஏறக்குறைய சமமாக இருந்தன.

"ஏங்க, இன்னும்... பாதி வழி இருக்கே."

"வந்துடுவோம்."

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க மணி வேற. அதானே?" என்றாள். "வாழ்நாள் பூரா... நேரம் சொல்லிப் பொழச்சவ நான். எனக்கே தோணலை பாருங்க." சிரிக்க முயன்று இருமினாள். இருமல் அடங்கியதும் அவள் பேசியது மிகத் தெளிவாக இருந்தது. ஸ்டேஷனில் பேசுகிற குரல். வண்டி தாமதம் என்று சொல்கிற குரல்.

"டியூப்பு... தானா மடங்கலைன்னு எனக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும்."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அதனாலதான் போறேன். ரெண்டரை மணி நேரம்தானே... உங்களோட தாங்கிடலாம்னு நெனச்சேன்." மூச்சு வாங்கினாள். "யார்கிட்டயும் சொல்லலை. நம்ம பொண்ணுகிட்டயும்... சொல்ல மாட்டேன். நீங்க பயப்படாதீங்க. அந்தப் பேட்டரியை மட்டும் எடுத்துக் குடுங்க. போதும்."

"எடுக்கறேன்" என்றேன்.

பை மேலே இருந்தது. அதை அடைத்துக்கொண்டு எந்தப் பெட்டியும் இல்லை. பெல்ட் விளக்கு அணைந்திருந்தது. எழுந்து, ஓர் அடி வைத்து, மூடியைத் திறந்தால் கைக்கு எட்டும். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள் என்பதை நான் நம்பினேன். முழுமையாக நம்பினேன். ஆனால் அவளுக்குத் தெரியும். எனக்காக அவள் கண்ணில் வந்த அந்தப் பார்வை, அந்த மதியங்களில் நான் சேர்த்துவைத்திருந்த அத்தனை பார்வையும், நான் நினைத்த மாதிரியான பார்வை இல்லை. அவள் என்னைப் பார்த்தது பயத்தில். என்னைப் பார்த்த பயத்தில். அதை வைத்துக்கொண்டு எப்படி எழுந்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

சால்வைக்குள் சின்னவன் கூவத் தொடங்கினான். எஞ்சின் இரைச்சலில் அது ஏதோ ஒரு பூச்சியின் சத்தம் மாதிரி கேட்டது. அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள், ஒருமுறை மேலே பார்த்தாள். பிறகு சத்தம் நின்றது. காற்றும் நின்றிருக்க வேண்டும்.

வீட்டில் நடந்தது போல அவள் என்னைக் கூப்பிடவில்லை. இதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. கூப்பிட்டிருந்தால் எழுந்திருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவள் வலது கையை மேலே தூக்கினாள். தலைக்கு மேல் விளக்குக்குப் பக்கத்தில், பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தான் இருந்தது. விரல் நுனி அதைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்தேன். மெதுவாகத்தான், வலிக்காமல். கீழே கொண்டுவந்து என் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டேன். அவள் அதை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்போது ஒரு பணிப்பெண் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். சின்னப் பெண். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த என் மனைவியின் முகம் அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. கோத்திருந்த கைகளை மட்டும் பார்த்தாள். வயதான தம்பதிகளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள். நானும் பதிலுக்குச் சிரித்தேன். அந்தப் பெண்ணை நான் பிறகுதான் கூப்பிட்டேன், கையில் எந்த அசைவும் இல்லாமல் போன பிறகு.

டாக்டரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் மேடம். அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் அந்த வார்த்தைகளை இன்னொரு தடவை சொல்ல முடியாது. என் மனைவி இறந்ததற்கு நான்தான் காரணம். அதை எந்த வார்த்தையில் வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசி வரைக்கும் அந்தக் கையை நான் விடவில்லை. அவள் தனியாகப் போகவில்லை என்பதையும் அதோடு சேர்த்து எழுதுங்கள்.